அமெரிக்காவில் டென்டல் இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா, எதை எடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் ஒரு பல் கிளினிக்கில் பில்லிங் வேலை பார்க்கிறேன். அக்டோபர் பிறந்துவிட்டால் கம்பெனிகளில் ஓப்பன் என்ரோல்மென்ட் (அடுத்த வருட இன்ஷூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் காலம்) தொடங்கும். உடனே தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எல்லோரிடமிருந்தும் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான கேள்விகள் வரும். அந்தக் கேள்விகளும் என் பதில்களும்தான் இவை. கீழே சொல்லும் விலைகள் குத்துமதிப்பு. ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் மாறும். கணக்குப் போடும் முறை மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே, பல்லுக்கு எதற்குத் தனியாக?

இங்கே உடம்புக்கு ஒரு கணக்கு, பல்லுக்கு ஒரு கணக்கு. சொத்தைப் பல், ரூட் கேனல் (பல்லின் வேரைச் சுத்தம் செய்து அடைப்பது), கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை) எதுவும் பெரியவர்களின் ஹெல்த் பிளானில் பொதுவாக வராது. விபத்தில் பல் உடைந்தாலோ, எலும்புக்குள் புதைந்திருக்கும் ஞானப்பல்லை அறுத்து எடுத்தாலோ சில ஹெல்த் பிளான்கள் பணம் கொடுக்கும். அந்த இரண்டுக்கும் முதலில் ஹெல்த் இன்ஷூரன்ஸிடம் கேட்டுப் பாருங்கள். பலர் கேட்காமலேயே டென்டல் பணத்தை அதில் கரைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பிரிவினை பழையது. 1954-ல் மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. அதை நடத்திக் கொடுக்க வாஷிங்டன், ஆரிகன், கலிஃபோர்னியா மாநிலப் பல் டாக்டர்கள் உண்டாக்கிய அமைப்புகளிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய டெல்டா டென்டல். ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்ஷூரன்ஸோடு இது அன்றும் சேரவில்லை, இன்றும் சேரவில்லை.

சரி, இது பெரிய செலவிலிருந்து காப்பாற்றுமா?

காப்பாற்றாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஹெல்த் பிளானில் ஒரு வருடத்தில் உங்கள் செலவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு; அதைத் தாண்டினால் மீதியை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். டென்டலில் உச்சவரம்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் செலவுக்கு. வருடத்துக்கு 1,000, 1,500, அல்லது 2,000 டாலர் வரை கொடுப்பார்கள்; அதற்கு மேல் எல்லாம் உங்கள் பாடு. 1970-களிலேயே இந்த வரம்பு 1,000 டாலர் அளவில்தான் இருந்தது. அன்றைய 1,000 டாலரின் மதிப்பு இன்று பல மடங்கு. ஆனால் பல பிளான்களில் அந்த 1,000 அப்படியே நிற்கிறது.

அதனால் இதைக் கடைக்காரர் விற்கும் தள்ளுபடிக் கூப்பன் புத்தகம் போல எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் விலை என்ன, அதில் எத்தனை கூப்பனை நிஜமாகவே கிழிப்போம் என்று பார்த்தால் போதும். 'ஏதாவது ஆகிவிட்டால்' என்ற பயத்தில் வாங்க வேண்டிய பொருள் இது இல்லை.

கம்பெனியில் கொடுக்கிறார்கள். எடுக்கலாமா?

எடுங்கள். ஒரு ஆளுக்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பது பெரும்பாலும் மாதம் 5 முதல் 20 டாலர். அதுவும் வரிக்கு முன்னால் பிடிப்பார்கள். வருடத்துக்கு இரண்டு கிளீனிங், ஒரு எக்ஸ்ரே என்றாலே கைக்காசுக்கு 400 டாலர் ஆகும். போட்ட காசு அதிலேயே திரும்பிவிடும்.

ஆனால் எடுத்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருப்பவர்கள் நம் ஆட்களில் ஏராளம். வலி வந்தால்தான் பல் டாக்டர் என்ற ஊர்ப் பழக்கம். போகப்போவதில்லை என்றால் மாதாமாதம் பிடிக்கும் அந்தப் பணமும் தண்டம்தான்.

எனக்குக் கம்பெனி இல்லை, சொந்தத் தொழில். தனியாக வாங்கினால் கட்டுப்படியாகுமா?

இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 45 டாலர் பிளான், வருடத்துக்கு 540. உச்சவரம்பு 1,000. டிடக்டிபிள் 50, அதாவது ஃபில்லிங், கிரவுன் போன்ற வேலைகளில் முதல் 50 டாலர் உங்களுடையது.

கிளீனிங் மட்டும் செய்துகொள்கிற வருடத்தில், இன்ஷூரன்ஸ் இல்லாமல் 400 டாலரில் முடியும். பிளானுக்கு 540 கட்டினீர்கள். 140 நஷ்டம்.

கிரவுன் ஒன்று வருகிற வருடத்தில், நெட்வொர்க் டாக்டரிடம் (இன்ஷூரன்ஸோடு விலை ஒப்பந்தம் போட்டவர்) போனால் கிரவுனுக்கு உங்கள் கையிலிருந்து சுமார் 515 போகும் (அந்தக் கணக்கைக் கீழே காட்டுகிறேன்). பிரீமியத்தோடு சேர்த்து 1,055. இன்ஷூரன்ஸ் இல்லாமல் கிளீனிங் 400, கிரவுன் 1,600, ஆக 2,000. இந்த வருடம் 945 லாபம்.

ஆக, கிரவுன் மாதிரி ஒரு பெரிய வேலை சில வருடங்களுக்கு ஒரு தடவையாவது வருகிற வாயாக இருந்தால் கட்டுப்படியாகும். நல்ல பல், வருடா வருடம் கிளீனிங் மட்டும் என்றால் ஆகாது. அப்புறம் ஒரு சிக்கல்: சொந்தமாக வாங்கும் பிளான்களில் கிரவுனுக்குப் பெரும்பாலும் 12 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. வலியோடு இன்று வாங்கி நாளை கிரவுன் வைத்துக்கொள்ளும் வழி அனேகமாக இல்லை. அந்தப் பல்லும் 12 மாதம் சும்மா இருக்காது. இன்றைய கிரவுன் அப்போது ரூட் கேனலாக வந்து நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வாங்கும் பிரீமியத்தில் 80 அல்லது 85 சதவீதத்தை வைத்தியத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று 2010-ல் வந்த சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தனி டென்டல் பிளானுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மாசசூசெட்ஸ் மக்கள் 2022 நவம்பரில் வாக்குப் போட்டு, தங்கள் மாநிலத்தில் டென்டலுக்கும் 83 சதவீதம் என்று வைத்துக்கொண்டார்கள். இப்படிச் சட்டம் இல்லாத மாநிலங்களில் நீங்கள் கட்டும் பணத்தில் எவ்வளவு பல்லுக்குப் போகிறது என்பது கம்பெனியின் விருப்பம். தனியாக வாங்கும் பிளானைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

100-80-50 என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன?

செலவில் இன்ஷூரன்ஸ் கொடுக்கும் பங்கு அது. கிளீனிங், செக்கப், எக்ஸ்ரேவுக்கு 100 சதவீதம். ஃபில்லிங், பல் பிடுங்குவது போன்றவற்றுக்கு 80. கிரவுன், பிரிட்ஜ், பல்செட்டுக்கு 50. அவ்வளவுதான். நீங்கள் துருவிப் பார்க்க வேண்டிய இடம் ரூட் கேனல். சில பிளானில் அது 80-ல் இருக்கும், சிலவற்றில் 50-ல் இருக்கும். கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் 1,000 டாலருக்கு மேல் போவதால், அந்த 30 சதவீதம் உங்கள் பையில் 300 டாலர். ஈறு வைத்தியமும் அப்படித்தான், எந்தப் பிரிவில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கிளீனிங்குக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. 'வருடத்துக்கு இரண்டு' என்று இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். '6 மாதத்துக்கு ஒன்று' என்று இருந்தால் ஒரு நாள் முந்திப் போனாலும் க்ளெய்ம் (இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்பும் பில்) திரும்பி வரும். எங்கள் மேசையில் வாரம் தவறாமல் நடக்கிற கூத்து இது.

பிபிஓ, டிஎச்எம்ஓ என்று இரண்டு வகை பிளான். எது நல்லது?

பிபிஓவில் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம், நெட்வொர்க் டாக்டரிடம் போனால் மலிவு. டிஎச்எம்ஓவில் பிரீமியம் குறைவு, பெரும்பாலும் ஆண்டு உச்சவரம்பே கிடையாது, ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு என்று விலைப்பட்டியல் இருக்கும். ஆனால் அவர்கள் ஒதுக்கிய டாக்டரிடம்தான் போக வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ஒரு சிறு தொகைதான் டாக்டருக்குப் போவதால், அவசரமாக அப்பாயின்ட்மென்ட் கேட்டால் கிடைப்பது கஷ்டம். கலிஃபோர்னியா, டெக்ஸாஸ் போன்ற இடங்களில் பெரிய கிளினிக்குகள் நிறைய இருப்பதால் டிஎச்எம்ஓ ஓடுகிறது. பக்கத்தில் நல்ல டிஎச்எம்ஓ டாக்டர் இருக்கிறார், வாய் நிறைய வேலையும் இருக்கிறது என்றால் அதை ஒதுக்காதீர்கள். மற்றவர்களுக்கு பிபிஓ.

'எல்லா இன்ஷூரன்ஸும் எடுப்போம்' என்று டாக்டர் ஆபீஸில் சொன்னார்கள். பில் மட்டும் ஏன் அவ்வளவு வந்தது?

எடுப்பது வேறு, நெட்வொர்க்கில் இருப்பது வேறு. க்ளெய்ம் அனுப்ப யாராலும் முடியும். நீங்கள் கேட்க வேண்டியது: 'என் பிளானின் நெட்வொர்க்கில் இந்த டாக்டர் இருக்கிறாரா?' பிளானின் பெயரை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். உதாரணமாக டெல்டா டென்டலில் பிபிஓ என்று ஒரு நெட்வொர்க், பிரீமியர் என்று இன்னொன்று. இரண்டிலும் விலை வேறு. கார்டில் டெல்டா என்று இருப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள்.

மேலே சொன்ன கிரவுனையே எடுத்துக்கொள்வோம். டாக்டரின் விலை 1,600. நெட்வொர்க் ஒப்பந்த விலை 980. அதில் டிடக்டிபிள் 50 போக 930; அதில் பாதி 465 இன்ஷூரன்ஸ் கொடுக்கும். உங்கள் பங்கு 465-ம் 50-ம் சேர்த்து 515. மீதி 620 டாலரை டாக்டர் தள்ளுபடி செய்தாக வேண்டும், அது ஒப்பந்தம்.

அதே கிரவுன், நெட்வொர்க்கில் இல்லாத டாக்டர். இந்த ஊரில் இதற்கு நியாயமான விலை 1,200 என்று இன்ஷூரன்ஸ் வைத்துக்கொள்கிறது. 50 போக 1,150, பாதி 575 கொடுக்கிறது. முந்தியதைவிட 110 அதிகம். ஆனால் டாக்டருக்கு 1,600 வேண்டும். உங்கள் பங்கு 1,025.

இன்ஷூரன்ஸ் அதிகம் கொடுத்தது, நீங்களும் இரண்டு மடங்கு கொடுத்தீர்கள். டென்டல் பிளானில் உண்மையான லாபம் அந்த ஒப்பந்த விலையில்தான் இருக்கிறது. ஆண்டு உச்சவரம்பு தீர்ந்த பிறகும் பெரும்பாலான பிளான்களில் நெட்வொர்க் விலை தொடரும். பிளானைத் தேடும்போது முதலில் டாக்டரைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சின்ன எழுத்தில் எதைப் படிக்க வேண்டும்?

மூன்று இடம். முதலாவது காத்திருப்புக் காலம்: ஃபில்லிங்குக்கு 6 மாதம், கிரவுன் வகைக்கு 12 மாதம் என்பது வழக்கம். இதற்கு முன் இடைவெளி இல்லாமல் வேறு டென்டல் பிளான் இருந்தது என்று கடிதம் காட்டினால் பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அந்தக் காத்திருப்பை நீக்கிவிடும். வேலை மாறும்போது பழைய இன்ஷூரன்ஸிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, விழுந்த பல் விதி. இந்த பிளான் தொடங்கும் முன்பே விழுந்துபோன பல்லுக்கு இம்பிளான்ட், பிரிட்ஜ் எதற்கும் கொடுக்க மாட்டோம் என்று பல பிளான்களில் இருக்கும். காலேஜ் நாளில் ஊரில் பிடுங்கிய கடைவாய்ப் பல்லோடு வந்தவர்கள், அந்த இடத்தை நிரப்புவதற்கென்றே பிளான் எடுத்துவிட்டு எங்கள் மேசையில் வந்து முகம் வாடுகிறார்கள். அப்படி ஒரு பல் இருந்தால், பிளான் எடுப்பதற்கு முன்பே போன் போட்டு இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது, மலிவு வைத்தியத்தின் விலையைக் கொடுப்பது. கடைவாய்ப் பல்லில் வெள்ளை ஃபில்லிங் போட்டால், வெள்ளி நிற ஃபில்லிங்கின் விலைக்குத்தான் 80 சதவீதம் கணக்கிடுவார்கள். பீங்கான் கிரவுன் வைத்தால் உலோகக் கிரவுன் விலை. வித்தியாசம் உங்கள் தலையில். இன்று எந்தக் கிளினிக்கில் வெள்ளி ஃபில்லிங் போடுகிறார்கள் என்று எனக்கும் கோபம் வரும், ஆனாலும் இது நடக்கிறது.

இந்த மூன்றுக்கும் பரிகாரம், பெரிய வேலைக்கு முன்னால் டாக்டரைவிட்டு 'ப்ரீடிட்டர்மினேஷன்' அனுப்பச் சொல்வது. என்ன வேலை, அதன் கோடு எண் என்ன, எக்ஸ்ரே எல்லாம் இன்ஷூரன்ஸுக்குப் போகும். எவ்வளவு கொடுப்போம் என்று சில வாரத்தில் எழுத்தில் வரும். அது உத்தரவாதம் இல்லை, இடையில் உங்கள் வரம்பு தீர்ந்தால் மாறும். ஆனாலும் நாற்காலியில் படுத்தபிறகு அதிர்ச்சி அடைவதைவிட இது மேல்.

முதல் தடவை போனேன், சாதாரண கிளீனிங் செய்ய முடியாது, 'டீப் கிளீனிங்' என்கிறார்கள். 1,000 டாலர். ஏமாற்றுகிறார்களா?

புதிதாக அமெரிக்கா வந்தவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஏமாற்றாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி உண்டு.

சாதாரண கிளீனிங்கின் கோடு டி1110, அது 100 சதவீதப் பிரிவு. டீப் கிளீனிங் டி4341, வாயை நான்கு பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் தனி பில். அது 80 அல்லது 50 சதவீதப் பிரிவு. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய அளவுகோலை விட்டு ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார்கள். '3, 2, 3' என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போவது உங்கள் காதிலும் விழும். 3 மில்லிமீட்டர் வரை நல்ல ஈறு. 4 வந்தால் கவனம். 5, 6 என்று பல இடங்களில் வந்து, எக்ஸ்ரேயில் எலும்பும் இறங்கியிருந்தால் டீப் கிளீனிங் நியாயம். பல வருடம் கிளீனிங் பக்கமே போகாதவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவது உண்டு.

அந்த அளவுச் சார்ட்டையும் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்குங்கள்; அவை உங்கள் உரிமை. வாயெல்லாம் 2, 3 என்று இருந்தால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். இன்ஷூரன்ஸும் அதே சார்ட்டைக் கேட்கும். ஒன்றை மனதில் வையுங்கள்: டீப் கிளீனிங் செய்தபிறகு சாதாரண கிளீனிங்குக்குப் பதில் டி4910 என்ற பராமரிப்புக் கோடுதான் வரும், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை. அதை 100 சதவீதத்தில் வைத்திருக்கும் பிளானா என்று அடுத்த ஓப்பன் என்ரோல்மென்டில் பாருங்கள்.

கம்பெனியில் ஹை பிளான், லோ பிளான் என்று இரண்டு இருக்கிறது.

வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். லோ மாதம் 8 டாலர், வரம்பு 1,000. ஹை மாதம் 22, வரம்பு 2,000. வருடத்துக்கு 168 அதிகம் கட்டுகிறீர்கள். அடுத்த வருடம் 1,000-க்கு மேல் இன்ஷூரன்ஸ் பணம் தேவைப்படும் வேலை இருக்கிறதா? ரூட் கேனலும் கிரவுனும் ஒரே பல்லில் வந்தால் கட்டாயம் தேவைப்படும். அக்டோபரில் ஒரு செக்கப் போய், அடுத்த வருடம் என்ன வேலை வரும் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வேலை இருக்கும் வருடம் ஹை, இல்லாத வருடம் லோ. வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வரம்பு ஜனவரியில் புதுப்பிக்கப்படும் பிளான் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ரூட் கேனல் டிசம்பரில், கிரவுன் ஜனவரியில். இரண்டு வருட வரம்பும் கிடைக்கும். டாக்டர் சரி என்றால் மட்டும்; ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல்லை மாதக்கணக்கில் கிரவுன் இல்லாமல் விட்டால் முறுக்குக் கடிக்கும்போது பிளந்துவிடும்.

கணவன் மனைவி இரண்டு பேருக்கும் கம்பெனி டென்டல் இருக்கிறது. ஒருவரை ஒருவர் சேர்த்துக்கொண்டால்?

பெரிய வேலை வருகிற வருடத்தில் உதவும். ஆனால் இரண்டாவது பிளானில் 'நான்-டூப்ளிகேஷன்' விதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், முதல் பிளான் கொடுத்ததைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. பிள்ளைகளுக்கு எது முதல் பிளான் என்பதற்கு ஒரு வேடிக்கையான விதி: அப்பா அம்மாவில் யாருடைய பிறந்தநாள் வருடத்தில் முதலில் வருகிறதோ, அவருடையது. வயது கணக்கில்லை, மாதமும் தேதியும்தான்.

பிள்ளைக்குப் பல்லில் க்ளிப் போட வேண்டும்.

க்ளிப்புக்கு ஆண்டு வரம்பு கிடையாது, ஆயுள் வரம்பு. பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலர், ஒரு பிள்ளைக்கு ஒரே தடவை. செலவோ 5,000-ஐத் தொடும். அந்தப் பணத்தையும் மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள்; வைத்தியம் நடக்கும் மாதங்களில் பிரித்துக் கொடுப்பார்கள், நடுவில் வேலை போனால் மீதி நின்றுவிடும். க்ளிப் போட ஆரம்பித்தபிறகு பிளான் எடுத்தால் சிலர் கொடுக்கவே மாட்டார்கள். முதலில் பிளான், அப்புறம் க்ளிப்.

பேசாமல் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாமே?

எல்லோரும் போடும் கணக்குதான், தப்பும் இல்லை. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ரூட் கேனலும் நல்ல கிரவுனும் சேர்த்து 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் முடியும். இங்கே இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக உங்கள் பங்கே அதைவிட அதிகம். எப்படியும் போகப்போகிற பயணம் என்றால் டிக்கெட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எந்த வேலையை அங்கே செய்வது என்பதில்தான் யோசனை வேண்டும். மூன்று வார லீவில் ரூட் கேனலும் கிரவுனும் முடியும். இறங்கிய முதல் இரண்டு நாளிலேயே டாக்டரைப் பாருங்கள், கல்யாணம் கோயில் எல்லாம் முடித்துக் கடைசி வாரம் போகாதீர்கள். கிரவுன் வந்தபிறகு கடித்துப் பார்த்து உயரம் குறைக்க இரண்டு தடவையாவது போக வேண்டியிருக்கும். இம்பிளான்ட் வேறு கதை. எலும்பில் திருகு பதித்தபின் அது பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இந்த லீவில் ஒரு பாதி, அடுத்த லீவில் மறு பாதி என்று திட்டமிட முடிந்தால் செய்யுங்கள். இம்பிளான்ட்டின் பிராண்ட், அளவு எழுதிய அட்டையைக் கட்டாயம் வாங்கி வாருங்கள். அது இல்லாமல் வந்தால், திருகு தளர்ந்தால்கூட இங்கே எந்தக் கருவி பொருந்தும் என்று தெரியாமல் டாக்டர் கையை விரிப்பார்.

ஊரிலேயே பார்த்துக்கொள்வேன் என்றாலும், இங்கே கம்பெனி டென்டலைக் கிளீனிங்குக்காக வைத்திருங்கள். நடுராத்திரி பல் வீங்கினால் விமானம் ஏற முடியாது.

அப்பா அம்மா ஆறு மாதம் வருகிறார்கள். அவர்களுக்கு?

விசிட்டர் இன்ஷூரன்ஸில் பல்லுக்கு இருப்பது திடீர் வலிக்கும் விபத்துக்கும் ஒரு சின்னத் தொகை. கிரவுன், பல்செட் எதுவும் வராது. விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே ஊரில் ஒரு செக்கப் செய்து, ஆடுகிற பல்லை அங்கேயே கவனித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கிரீன் கார்டில் வந்து பின்னாளில் மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு ஹெல்த் இன்ஷூரன்ஸ்) எடுத்தாலும், ஒரிஜினல் மெடிகேரில் சாதாரணப் பல் வைத்தியம் கிடையாது. தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளான்கள் பலவற்றில் கொஞ்சம் உண்டு.

எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ பணத்தைப் பல்லுக்குச் செலவழிக்கலாமா?

தாராளமாக. இரண்டும் வைத்தியச் செலவுக்கென்று வரியில்லாமல் பணம் ஒதுக்கும் கணக்குகள். 2025-ல் எஃப்எஸ்ஏவில் 3,300 டாலர் வரை ஒதுக்க முடிந்தது. உங்கள் வரி விகிதம் 30 சதவீதம் என்றால் ஒவ்வொரு 1,000-க்கும் 300 மிச்சம். பல நேரம் இந்த லாபம் டென்டல் பிளானின் லாபத்தைவிடப் பெரியது. எச்எஸ்ஏ வைத்திருப்பவர்கள் பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டுமான எஃப்எஸ்ஏவைக் கூடவே எடுக்கலாம். ஊரில் செய்துகொண்ட வைத்தியத்துக்கும் இந்தப் பணத்தை எடுக்கலாம், ஒழுங்கான பில் வேண்டும். பல்லை வெளுப்பாக்குவதற்கு மட்டும் செல்லாது. பிரீமியத்தை இதிலிருந்து கட்டவும் பொதுவாக அனுமதி இல்லை.

இன்ஷூரன்ஸே வேண்டாம் என்றால் வேறு வழி?

பல கிளினிக்குகள் தாங்களே உறுப்பினர் திட்டம் நடத்துகின்றன. வருடம் 300 முதல் 400 டாலர் கட்டினால் இரண்டு கிளீனிங், எக்ஸ்ரே, மற்ற வேலைகளில் 15 - 20 சதவீதத் தள்ளுபடி. காத்திருப்பு கிடையாது, வரம்பு கிடையாது, க்ளெய்ம் தொல்லையும் கிடையாது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்ஷூரன்ஸ் பில்லிங் வேலை பார்க்கும் நானே சொல்கிறேன்.

அடுத்தது பல் மருத்துவக் கல்லூரிகள். மன்ஹாட்டனில் என்ஒய்யூ, நியூவர்க்கில் ரட்கர்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோவில் யூசிஎஸ்எஃப். மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்ப்பார். விலை வெகுவாகக் குறைவு. ஒரு கிரவுனுக்கு அரை நாள் அரை நாளாகப் பலமுறை போக வேண்டும். இங்கே படிக்க வந்தவர்களுக்கும், டிபெண்டென்ட் விசாவில் (கணவன் அல்லது மனைவியோடு வந்து) வீட்டில் இருப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

லேஆஃப் ஆகிவிட்டது. என்ன செய்வது?

முதலில் கவரேஜ் எந்தத் தேதியில் முடிகிறது என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். கடைசி வேலை நாளா, மாதக் கடைசியா? மாதக் கடைசி என்றால் நிற்கும் வேலைகளை அதற்குள் முடியுங்கள். கிரவுனுக்குப் பல்லைச் சீவிய தேதியா, கிரவுனை ஒட்டிய தேதியா, எதை வைத்துப் பணம் கொடுப்பார்கள் என்பது பிளானுக்கு பிளான் மாறும்; நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம் கோப்ரா (வேலை போனபிறகும் கம்பெனி இன்ஷூரன்ஸைத் தொடர விடும் சட்டம்): 20 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி என்றால் 18 மாதம் வரை தொடரலாம், முழுப் பிரீமியமும் அதன் மேல் 2 சதவீதமும் கட்ட வேண்டும். ஹெல்த்துக்குக் கோப்ரா கழுத்தை நெரிக்கும். டென்டலுக்குப் பெரும்பாலும் மாதம் 30 - 50 டாலர்தான், டென்டலை மட்டும் தனியாக எடுக்கவும் பெரும்பாலும் முடியும். பாதி வைத்தியத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

க்ளெய்ம் நிராகரித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. வந்த கடிதத்தில் காரணம் இருக்கும். 'கூடுதல் தகவல் தேவை' என்றால் பாதி நேரம் எக்ஸ்ரே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்; டாக்டர் ஆபீஸுக்குப் போன் செய்து, எக்ஸ்ரேயும் டாக்டரின் குறிப்பும் வைத்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். தானாக அனுப்புவார்கள் என்று காத்திருக்காதீர்கள், எங்கள் மேசைகளில் அந்தக் குவியல் எப்போதும் உயரம். 'தேவையில்லாத வைத்தியம்' என்றால் அப்பீல் செய்யுங்கள்; கம்பெனி வழி பிளானில் அதற்குக் குறைந்தது 180 நாள் அவகாசம் உண்டு. பல்லின் போட்டோ, விரிசல் தெரியும் படம் இருந்தால் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், படத்துக்கு மசிகிறவர்கள் எழுத்துக்கு மசிவதில்லை. அதற்கும் அசையவில்லை என்றால், நீங்களே வாங்கிய பிளானுக்கு மாநில இன்ஷூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம். பெரிய கம்பெனிகள் தங்கள் சொந்தப் பணத்தில் நடத்தும் பிளானுக்கு மாநிலத்தின் கை எட்டாது. அதற்கு மத்தியத் தொழிலாளர் துறையில் தனிப் பிரிவு இருக்கிறது. உங்களுடையது எந்த வகை என்று எச்ஆரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.